சூரியன் வெடித்தால் மட்டும் போதாது: புவிகாந்தப் புயல் எப்படி உருவாகிறது?

"சூரியனில் பயங்கர வெடிப்பு, பூமியைத் தாக்க வருகிறது காந்தப் புயல்" என்று அடிக்கடி ஒரு செய்தி வரும். சொன்ன நாள் வரும், போகும், ஒன்றும் நடக்காது. செல்போன் வேலை செய்யும், மின்சாரம் இருக்கும், எல்லாம் கட்டுக்கதை என்று நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் 2024 மே 10ஆம் தேதி இதே மாதிரி ஒரு எச்சரிக்கை வந்தபோது புயல் நிஜமாகவே வந்தது. 2003க்குப் பிறகு அவ்வளவு பெரிய புவிகாந்தப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலத்தில் வரும் கொந்தளிப்பு, வந்ததில்லை. துருவங்களை ஒட்டிய நாடுகளில் மட்டுமே வழக்கமாகத் தெரிகிற வண்ண ஒளி மெக்சிகோ வரை தெரிந்தது, லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் கேமராக்களில்கூடச் சிவப்பாகப் பதிவானது. அப்படியென்றால் எந்த வெடிப்பு புயலாக மாறும், எது புஸ்வாணமாகப் போகும்? இதற்கான விடையில் பாதிதான் சூரியனிடம் இருக்கிறது. மீதிப் பாதி பூமியின் காந்தப்புலத்திடம் இருக்கிறது, செய்திகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, முதலில் சூரியன். அந்தச் சூட்டில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துபோய், சூரியன் முழுக்க மின்னேற்றம் கொண்ட துகள்களின் குழம்பாக இருக்கிறது. இதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். பிளாஸ்மாவும் காந்தப்புலமும் ஒன்றையொன்று லேசில் விடாது. பிளாஸ்மா நகர்ந்தால் காந்தக் கோடுகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். காந்தக் கோடுகள் வலுவாக இருக்கும் இடத்தில் அவை பிளாஸ்மாவைக் கட்டிப்போட்டுவிடும். இந்த ஒரு குணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி சொல்லப்போவது பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது.

சூரியன் தன்னைத்தானே சுற்றுவதும் ஒரே வேகத்தில் இல்லை. நடுக்கோட்டுப் பகுதி ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள் எடுத்துக்கொள்கிறது, துருவங்களுக்குப் பக்கத்தில் 35 நாள் வரை ஆகிறது. நடுப்பகுதி முந்திக்கொண்டே போவதால் உள்ளே இருக்கும் காந்தக் கோடுகள் இழுபட்டு, முறுக்கேறி, சிக்குப் பிடித்து, சில இடங்களில் புடைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வெளியே வந்துவிடுகின்றன. அந்த இடங்களில் காந்தப்புலம் பூமியில் இருப்பதைப் போல் பல ஆயிரம் மடங்கு வலுவானது. கீழேயிருந்து பொங்கி வரும் வெப்பத்தையே அது தடுத்துவிடுகிறது. அதனால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட 1,500 டிகிரிக்கும் மேல் குளிர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. அதுதான் சூரியப் புள்ளி. கறுப்பு என்பது பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடும்போதுதான். அந்தப் புள்ளியை மட்டும் தனியாக வெட்டி வானத்தில் வைத்தால் கண் கூசும்.

இந்தப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. இதைக் கண்டுபிடித்தவர் தேடியது வேறு ஒன்றை. ஜெர்மனியில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிஷ் ஷ்வாபே, புதன் கோளுக்கும் உள்ளே இன்னொரு கோள் இருக்குமோ என்ற சந்தேகத்தில் 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்துப் புள்ளிகளைக் குறித்துவைத்தார். கோள் கிடைக்கவில்லை. 1843இல், புள்ளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அறிவித்தார். அப்புறம் 1852இல் எட்வர்ட் சபீன், பூமியில் திசைகாட்டி முள் அலைபாயும் நாட்களும் அதே ஒழுங்கில் கூடிக் குறைகின்றன என்று காட்டினார். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புள்ளிக்கும் இங்கே இருக்கும் முள்ளுக்கும் என்ன உறவு என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

முறுக்கேறிய காந்தக் கோடுகள் ஒரு கட்டத்தில் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது தேங்கியிருந்த ஆற்றல் வெடித்து வெளியே வருகிறது. இங்கேதான் செய்திகளில் பெரிய குழப்பம். வெளியே வருவது ஒரே பொருள் இல்லை. முதலாவது ஒளி: எக்ஸ்ரே, புற ஊதா எல்லாம் சேர்ந்த ஒரு பளிச். எட்டு நிமிடம் கொஞ்சத்தில் பூமிக்கு வந்துவிடும். இதைத்தான் சூரியத் தீப்பிழம்பு என்கிறார்கள். எக்ஸ்ரே பலத்தைப் பொறுத்து ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகை பிரிப்பார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. இரண்டாவது, ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டும் புரோட்டான்கள். இவை ஒரு மணி நேரத்துக்குள்கூட வந்து சேரும், விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் ஆபத்தானவை. மூன்றாவதுதான் நம் விஷயம். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் ஒரு பெரிய துண்டு, நூறு கோடி டன் கணக்கில் பிளாஸ்மா, தன் காந்தப்புலத்தையும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கொரோனா நிறை வெளியேற்றம் என்று பெயர், சுருக்கமாக சிஎம்இ. நொடிக்கு 250 கிலோமீட்டரிலிருந்து 3,000 கிலோமீட்டர் வரை வேகம் இருக்கும், வந்து சேரப் பொதுவாக ஒரு நாளிலிருந்து நான்கு நாள் வரை ஆகும்.

புவிகாந்தப் புயலை உண்டாக்குவது இந்தப் பிளாஸ்மா மேகம்தான், பளிச்சிடும் ஒளி அல்ல. ஒளியால் பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை வானொலித் தொடர்பு சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ துண்டிக்கப்படும், அவ்வளவுதான். பெரிய தீப்பிழம்புகளோடு பெரும்பாலும் சிஎம்இயும் கிளம்பும் என்றாலும், இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "எக்ஸ் வகை வெடிப்பு, எனவே புயல்" என்று எழுதுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இந்த இரண்டும் தனித்தனி என்பதை 1859 செப்டம்பர் 1ஆம் தேதி போல் அழகாகக் காட்டிய நாள் வேறு இல்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்பவர் அன்று காலை 11 மணி சுமாருக்குத் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஒரு கண்ணாடித் தட்டில் விழவைத்து, ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று அந்தக் கூட்டத்தின் நடுவே இரண்டு வெள்ளை ஒளித் திட்டுகள். கருவியில் எங்கோ ஓட்டை விழுந்து வெயில் நேராக உள்ளே வருகிறதோ என்று முதலில் பார்த்தார், அப்படி இல்லை. சாட்சிக்கு யாரையாவது கூட்டிவரலாம் என்று ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோது ஒளி பாதி மங்கியிருந்தது. மொத்தமே ஐந்து நிமிடம். அதே நேரத்தில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவரும் வேறு இடத்திலிருந்து அதைப் பார்த்திருந்தார் என்பது நல்லகாலம். கியூ ஆய்வகத்தின் காந்தக் கருவிகள் அந்த நேரத்தில் ஒரு சின்னத் துடிப்பைப் பதிவு செய்தன. அது ஒளியின் வேலை. சுமார் 17 மணி நேரம் கழித்துத்தான் உண்மையான புயல் வந்தது: ஹவாய், கியூபா வரை துருவ ஒளி, பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் காந்தமானி 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சரிந்தது. அது மேகத்தின் வேலை.

ஆனாலும் படித்தவர்களே இதை நம்பத் தயாராக இல்லை. 1892இல் கெல்வின் பிரபு, அவர் காலத்து இயற்பியலின் பெரிய தலை, ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: சூரியன் ஒரு காந்தமாக இருந்து இங்கே புயலை உண்டாக்க வேண்டுமென்றால், எட்டு மணி நேரப் புயலுக்கே அது பல மாத வெளிச்சத்துக்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், எனவே நடக்காத காரியம். கணக்கில் தப்பில்லை. சூரியனின் காந்தம் அங்கேயே இருந்துகொண்டு எல்லாத் திசையிலும் பரவி இங்கே முள்ளை ஆட்டுவதாக அவர் வைத்துக்கொண்டதுதான் கோளாறு. காந்தப்புலம் பிளாஸ்மாவில் ஏறி இங்கேயே வந்துவிடும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சூரியனிலிருந்து பிளாஸ்மா ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கிறது என்று யூஜின் பார்க்கர் சொன்னதே 1958இல்தான்.

அந்தச் சூரியக் காற்று வெடிப்பு இல்லாத நாளிலும் நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்துபோகிறது. ரொம்ப மெல்லியது, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து பத்துத் துகள்தான். அதையும் பூமியின் காந்தப்புலம் உள்ளே விடுவதில்லை. காற்று வருகிற பக்கத்தில் இந்தக் காந்தக் கவசம் அமுங்கி, தரையிலிருந்து சுமார் 60,000 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் நிலவின் பாதையையும் தாண்டி நீண்ட வாலாகப் போகிறது. இதைக் காந்தக்கோளம் என்கிறார்கள், பெயருக்குத்தான் கோளம்.

இனிதான் முக்கியமான இடம். சூரியனைப் பார்த்த பக்கத்தில் பூமியின் காந்தக் கோடுகள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகின்றன. வருகிற மேகத்தின் காந்தப்புலமும் வடக்கு நோக்கியே இருந்தால், இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் ஒட்டாது. மேகம் கவசத்தை அழுத்தும், குலுக்கும், பிறகு பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் கதையே வேறு. எதிரெதிர் திசையில் இருக்கும் கோடுகள் சந்திக்கும் இடத்தில் அறுந்து, ஒன்றின் பாதி மற்றொன்றின் பாதியோடு ஒட்டிக்கொள்ளும். சூரியனில் வெடிப்பை உண்டாக்கிய அதே காந்த மறு இணைப்பு, இப்போது நம் வாசலில் நடக்கிறது. கவசத்தில் கதவு திறந்த மாதிரிதான். இதை 1961இல் ஜேம்ஸ் டன்ஜி சொன்னார், பிற்பாடு வந்த செயற்கைக்கோள்கள் அதை உறுதி செய்தன.

இந்த வடக்கு தெற்குக் கூறைத்தான் விண்வெளி வானிலைக்காரர்கள் பிஇசட் என்பார்கள், வடக்கு என்றால் பிளஸ், தெற்கு என்றால் மைனஸ். சாதாரண நாளில் சூரியக் காற்றின் மொத்தக் காந்தப்புலமே ஐந்து நானோடெஸ்லா சுமார்தான் இருக்கும். 2024 மே புயலின்போது தெற்கு நோக்கிய கூறு மட்டும் 50ஐ ஒட்டிப் போனது. அன்று ஒரே சூரியப் புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய பல மேகங்கள் வழியிலேயே ஒன்றை ஒன்று பிடித்து நசுக்கிக்கொண்டு வந்ததுதான் காரணம்.

திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1972 ஆகஸ்டைச் சொல்ல வேண்டும். அந்த மாதம் 4ஆம் தேதி வந்த மேகம் சூரியனிலிருந்து பூமிக்கு 15 மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது, பதிவானவற்றிலேயே அதுதான் அதிவேகம். மோதிய வேகத்தில் காந்தக்கோளம் அப்படியே உள்ளே அமுங்கியது. வியட்நாமின் ஹைபாங்குக்குத் தெற்கே கடலில் அமெரிக்கா போட்டுவைத்திருந்த, கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிவெடிகள் கப்பலே இல்லாமல் டஜன் கணக்கில் வெடித்தன. ஆனால் அந்த வேகத்துக்கு ஏற்ற பிரம்மாண்டமான புயல் தொடர்ந்து வரவில்லை, ஏனென்றால் மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருந்தது. அது மட்டும் திரும்பியிருந்தால் கேரிங்டன் புயலோடு ஒப்பிடும்படி இருந்திருக்கலாம்.

கதவு திறந்தபின் உள்ளே என்ன நடக்கிறது? துருவங்களில் இருக்கும் ஓட்டை வழியாகச் சூரியத் துகள்கள் நேராகக் கொட்டி வானம் ஒளிர்கிறது என்று பாடப்புத்தக பாணியில் ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது சரியில்லை. முன்பக்கம் ஒட்டிக்கொண்ட காந்தக் கோடுகளைச் சூரியக் காற்று பின்னால் இழுத்துக்கொண்டுபோய் வாலில் குவிக்கிறது. வால் இழுபட்டுக்கொண்டே போகும், உண்டிவில்லின் ரப்பரை இழுப்பது போல. ஓர் எல்லைக்கு மேல் தாங்காமல் வாலிலேயே கோடுகள் அறுந்து ஒட்டும்போது, பூமியின் பக்கம் இருக்கும் பாதி படாரென்று திரும்பி வருகிறது, துகள்களையும் பூமியை நோக்கி எறிகிறது. இப்படித்தான், அதாவது முதுகுப் பக்கத்திலிருந்து, எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு வந்து மேல்வளிமண்டலத்தில் மோதுகின்றன. 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும், 200 கிலோமீட்டருக்கு மேல் அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். உயரத்தில் இருப்பதால் சிவப்பு ரொம்பத் தூரத்திலிருந்தும் தெரியும். பெரும் புயல் நாட்களில் தெற்கே இருப்பவர்கள் வடக்கு அடிவானத்தில் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

எறியப்பட்ட துகள்களில் இன்னொரு பகுதி பூமியைச் சுற்றிச் சிறைப்பட்டுவிடுகிறது. நேர்மின் அயனிகள் மேற்குப் பக்கமாகவும் எலக்ட்ரான்கள் கிழக்குப் பக்கமாகவும் நகர்வதால், நடுக்கோட்டுக்கு மேலே சில பூமி ஆரத் தூரத்தில், மொத்தத்தில் மேற்கு நோக்கி ஒரு பிரம்மாண்டமான மின்னோட்ட வளையம் உருவாகிறது. அந்த வளையத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதால், தரையில் இருக்கும் காந்தமானிகள் ஒரு சரிவைக் காட்டும். நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் சில ஆய்வகங்களின் அளவீட்டைச் சராசரி எடுத்து டிஎஸ்டி என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். புயலின் உண்மையான எடையைச் சொல்வது அதுதான். 2024 மே மாதம் சுமார் 400 நானோடெஸ்லா சரிந்தது. 1989 மார்ச்சில் 589.

இது பெரிதா சிறிதா? நடுக்கோட்டுப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் 30,000 நானோடெஸ்லா சுமார் இருக்கும். அதில் 400 என்பது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கையில் திசைகாட்டி வைத்திருந்தால் முள் அசைந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அப்புறம் எதற்கு இத்தனை கவலை என்றால், சிக்கல் மாற்றத்தின் வேகத்தில் இருக்கிறது. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும், ஃபாரடே காலத்திலிருந்து தெரிந்த விஷயம். புயல் நேரத்தில் மேலே அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டங்கள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது, தரையில் கிலோமீட்டருக்குச் சில வோல்ட் வரை மின்புலம் வரலாம். கிலோமீட்டருக்கு! உங்கள் கையில் இருக்கும் போன் பதினைந்து சென்டிமீட்டர் நீளம்தான், அதற்குள் வரும் மின்னழுத்தம் ஒன்றுமே இல்லை. உடம்புக்கும் அப்படித்தான். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் நீள மின்தடம் என்றால்?

கியூபெக்கில் நடந்தது அதுதான். 1989 மார்ச் 13, அதிகாலை 2.44. கனடாவின் அந்த மாகாணத்தில் வடக்கே இருக்கும் நீர்மின் நிலையங்களிலிருந்து தெற்கே நகரங்களுக்கு 735 கிலோவோல்ட் தடங்கள் நீளமாக ஓடுகின்றன. அடியில் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழைய கெட்டிப் பாறை, ஆகவே தரையில் தூண்டப்பட்ட மின்னோட்டம் சுலபமான வழியைத் தேடிக் கம்பிகளில் ஏறிக்கொள்கிறது. டிரான்ஸ்பார்மர்களைத் தரையோடு இணைக்கும் கம்பிதான் அதற்கு நுழைவாயில். அந்த மின்னோட்டம் மிக மெதுவாக மாறுவதால் டிரான்ஸ்பார்மருக்கு அது நேர்மின்சாரம் மாதிரிதான். மாறுமின்சாரத்துக்காகச் செய்த இரும்பு உள்ளகம் ஒரு பக்கமாகக் காந்தத்தில் நிரம்பிவிடும், உடனே மின்சாரத்தின் அலைவடிவம் கோணிப்போகும், சூடாகும், மின்னழுத்தம் ஆட ஆரம்பிக்கும். கியூபெக்கில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ஏழு ஈடுகட்டும் கருவிகள் இந்தக் கோணலைக் கண்டு, ஏதோ கோளாறு என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொண்டன. ஒன்றரை நிமிடத்தில் மொத்த மாகாணமும் இருட்டு. 60 லட்சம் பேருக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடே வலையமைப்பைக் கவிழ்த்தது என்பதுதான் இதில் பொறியாளர்கள் இன்றும் படிக்கும் பாடம். பிறகு அந்தக் கருவிகளின் அமைப்பை மாற்றினார்கள்.

1859இல் மின்வலையமைப்பு கிடையாது, தந்திக் கம்பி மட்டுமே நீளமானது. பாஸ்டனுக்கும் போர்ட்லேண்டுக்கும் இடையே தந்திக்காரர்கள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வானத்தால் தூண்டப்பட்ட மின்னோட்டத்தைக் கொண்டே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள்.

செயற்கைக்கோள்களுக்கு வேறு வகைத் தொல்லை. புயல் கொட்டும் ஆற்றலால் மேல்வளிமண்டலம் சூடாகி வீங்கும், தாழ்வாகப் பறப்பவை அந்தக் காற்றில் உரசி வேகம் இழக்கும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் கிட்டத்தட்ட 40 இப்படித்தான் விழுந்து எரிந்தன, அதுவும் ஒரு சாதாரணப் புயலில். தாழ்வான தொடக்கப் பாதையில் மாட்டிக்கொண்டதுதான் வினை. ஜிபிஎஸ் சிக்னல் அயனி மண்டலத்தைத் தாண்டி வரும்போது தாமதப்படுவதால் இடக்கணிப்பு பிசகும். 2024 மே மாதம் அமெரிக்காவில் விதைப்பு நேரம், ஜிபிஎஸ் பார்த்துச் சென்டிமீட்டர் சுத்தமாக ஓடும் டிராக்டர்கள் வரிசை தெரியாமல் நின்றுபோயின.

எவ்வளவு முன்னால் தெரியும்? மேகம் கிளம்பியதைச் சோஹோ போன்ற விண்கலங்களின் படத்தில் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பூமியை நோக்கி வருகிறதா, எப்போது வரும் என்று கணிக்கலாம், பல மணி நேரம் முன்பின் ஆகும். நிறைய மேகங்கள் நம் பக்கமே வருவதில்லை. 2012 ஜூலை 23 அன்று கிளம்பிய ராட்சத மேகம் பூமி இல்லாத திசையில் போய், அங்கே இருந்த ஸ்டீரியோ விண்கலத்தின் மேல் மோதியது. ஆனால் உள்ளே காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்தில் தெரியாது. அதை அளக்க மேகம் ஒரு கருவியின் மேலேயே வந்து மோத வேண்டும். அந்தக் கருவிகள், ஏஸ், டிஸ்கவர், 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்த நம் ஆதித்யா எல்1, எல்லாமே பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கம் நிற்கின்றன. நொடிக்கு 800 கிலோமீட்டரில் வரும் மேகத்துக்கு அது அரை மணி நேரத் தூரம். மூன்று நாள் முன்னால் வரும் "எச்சரிக்கை" எல்லாம் நிகழ்தகவுதான், கடைசி அரை மணி நேரத்தில்தான் விஷயம் முடிவாகிறது.

ஆகவே அடுத்த முறை செய்தி வரும்போது, புயலின் வலுவைக் குறிக்கும் ஜி1 முதல் ஜி5 வரையான அளவுகோலில் எந்த அளவு சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஜி1, ஜி2 என்றால் சூரிய உச்ச ஆண்டுகளில் அடிக்கடி வருவதுதான், விட்டுவிடலாம். ஜி4, ஜி5 என்றால், மேகம் வந்து சேரும் நேரத்தில் அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையம் நேரலையாகப் போடும் வரைபடத்தைத் திறந்து பிஇசட் கோட்டைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தால் தூங்கப் போகலாம். கீழே இறங்கி, மைனஸ் இருபது முப்பதில் மணிக்கணக்காக அங்கேயே கிடந்தால், உயர் அட்சரேகையில் இருப்பவர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகலாம், மின்வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அன்று தூக்கம் கிடையாது.